ஆகஸ்ட் 16: மெட்ராஸில் பிறந்த பீட்டில்ஸ் ட்ரம்மர் முதல் எல்விஸ், நுஸ்ரத் வரை... ஒரே தேதியில் இத்தனை கதைகளா?!

சுதந்திர தின லீவு முடிஞ்ச மறுநாள். முந்தின நாள் ஸ்டேட்டஸ்ல வெச்ச கொடி இன்னும் 24 மணி நேரம் முடியாம ஓடிக்கிட்டிருக்கும். நமக்கு ஆகஸ்ட் 16 அவ்வளவுதான். ஆனா, உலக பாப் இசையோட வரலாற்றைப் புரட்டுறவங்களுக்கு இது சாதாரணத் தேதி இல்லை. எல்விஸ் பிரெஸ்லி இறந்தது இந்தத் தேதியில்தான். அரீதா ஃப்ராங்க்ளின் இறந்ததும், கவ்வாலி மேதை நுஸ்ரத் ஃபதே அலி கான் இறந்ததும் இதே தேதிதான். மடோனா பிறந்ததும் இன்றைக்குத்தான். பீட்டில்ஸ் குழுவிலிருந்து ஒருத்தர் வெளியே அனுப்பப்பட்டதும் இன்றைக்குத்தான்!

தேதி ஒண்ணா இருக்கிறது தற்செயல். அதுல ராசி, ஜாதகம்னு எதையும் தேட வேண்டாம். ஆனா, இந்தக் கதைகளை வரிசையா வெச்சுப் பார்த்தா ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்து நிக்குது. பாட்டு ஹிட் ஆச்சு, உலகமே கேட்டுச்சு, எல்லாம் சரி... காசு யார் கைக்குப் போச்சு?

மெட்ராஸ் பையனுக்கு வந்த அழைப்பு

முதல்ல நம்ம ஊர்க்காரரிடமிருந்தே ஆரம்பிக்கலாம். ஆமாங்க, நிஜமாவே நம்ம ஊர்! பீட்டில்ஸ் குழுவின் பழைய ட்ரம்மர் பீட் பெஸ்ட், 1941 நவம்பர் 24 அன்று பிறந்தது மெட்ராஸில். அம்மா மோனா பிறந்தது டெல்லியில். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945-ல் குடும்பம் கப்பலேறி இங்கிலாந்தின் லிவர்பூலுக்குப் போய்விட்டது.

இந்த மோனா சாதாரண ஆள் இல்லை. 1954-ல் நடந்த டெர்பி குதிரைப் பந்தயத்தில், தன் நகைகளை அடகு வெச்சு ஒரு குதிரை மேல் பணம் கட்டினார். ஒன்றுக்கு 33 மடங்கு கொடுக்கிற குதிரை. பெயர், 'நெவர் சே டை'. ஜெயிச்சது! அந்தக் காசை வெச்சு வாங்கின பெரிய வீட்டின் நிலவறையில்தான் 1959-ல் 'கஸ்பா' என்ற காபி க்ளப்பைத் தொடங்கினார். அங்கே முதல் நாளில் வாசிச்ச பசங்கள்ல ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் மூணு பேரும் இருந்தாங்க. பீட்டில்ஸ்ங்கிற பேரே அப்போ கிடையாது.

அடுத்த வருஷம், 1960 ஆகஸ்ட்டில், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் வாசிக்க வாய்ப்பு வந்தது. ட்ரம்மர் இல்லை. மோனாவின் மகன் பீட்டிடம் சொந்தமா ட்ரம்ஸ் இருந்தது. சேர்த்துக்கிட்டாங்க. அடுத்த 2 வருஷம் ராத்திரி ராத்திரியா க்ளப்புகளில் அடிச்சார். லிவர்பூல் பெண்களுக்கு அந்தக் குழுவில் ரொம்பப் பிடித்த முகமும் அவர்தான்.

1962 ஜூனில் லண்டனில் இ.எம்.ஐ ஸ்டூடியோவில் சோதனைப் பதிவு. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு ட்ரம்ஸ் வாசிப்பு திருப்தியா இல்லை. ரெக்கார்டிங்குக்கு வேற ஆளை வெச்சுக்கலாம்னு சொன்னார். ஆகஸ்ட் 16 காலையில் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன், பீட்டை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மத்த பசங்க உன்னை வேண்டாம்ங்கறாங்க, ரிங்கோ ஸ்டார் வர்றார்னு தகவல் சொன்னார். அந்த 3 பேரும் அந்த அறையில் இல்லை. 2 வருஷம் ஒரே வேனில் தூங்கி எழுந்தவங்க, நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லலை. ட்ரம்ஸ் வாசிப்பு பத்தி ஆயிரம் வாதம் இருக்கலாம். ஆனா, இந்த ஒரு விஷயத்துல பீட்டில்ஸ் ரசிகர்களுக்கே கொஞ்சம் சங்கடம்தான்.

2 நாள் கழிச்சு ரிங்கோ மேடையேறினார். ரசிகர்கள் கொதிச்சாங்க. ஒரு கைகலப்பில் ஜார்ஜ் ஹாரிசனுக்குக் கண் வீங்கிப்போனது. அக்டோபர் 5-ல் 'லவ் மீ டூ' வெளியானது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

பீட் என்ன ஆனார்? வேற குழுக்களில் முயற்சி செஞ்சார், எடுபடலை. ரொட்டி மூட்டை ஏற்றும் வேலை பார்த்தார். பிறகு லிவர்பூலில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஊழியரா சேர்ந்து சுமார் 20 வருஷம் ஓட்டினார். வேலை போன மனுஷன், வேலை போனவங்களுக்கு வேலை தேடிக் கொடுத்துக்கிட்டிருந்தார்!

கதை அங்கே முடியலை. 1995-ல் பீட்டில்ஸின் பழைய, வெளிவராத பதிவுகளைத் தொகுத்து 'ஆந்தாலஜி 1' வந்தது. அதில் 10 பதிவுகளில் ட்ரம்ஸ் வாசிச்சது பீட் பெஸ்ட். 33 வருஷம் கழிச்சு, முதன்முறையா பெரிய அளவில் ராயல்டி அவர் வீட்டுக்கு வந்தது. ஆனா அந்த ஆல்பத்தின் அட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கிப் பாருங்க. பழைய குரூப் போட்டோவில் பீட்டின் முகம் இருந்த இடம் மட்டும் கிழிஞ்சிருக்கும், அங்கே ரிங்கோவின் முகம் தெரியும். காசு கொடுத்தாங்க, முகத்தைக் கொடுக்கலை!

எல்விஸ்: இறந்த அன்று விற்றுத் தீர்ந்த தட்டுகள்

1977, அமெரிக்காவின் மெம்ஃபிஸ். மறுநாள் வேறொரு நகரத்தில் கச்சேரி, அன்று ராத்திரியே விமானம். பிற்பகலில் 'கிரேஸ்லேண்ட்' மாளிகையின் குளியலறையில் எல்விஸ் விழுந்து கிடந்ததைப் பார்த்தாங்க. வயது 42 மட்டுமே. செய்தி பரவினதும் வாசல்ல கூட்டம் பல்லாயிரக்கணக்கில் சேர்ந்தது. ரெக்கார்டு கடைகளில் அவர் தட்டுகள் காலி. ஆர்.சி.ஏ கம்பெனி இரவு பகலா புதுசா அச்சடிச்சது.

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். அன்னிக்கு வித்த அந்தப் பழைய பாட்டுகளுக்கான பாடகர் ராயல்டி, எல்விஸ் குடும்பத்துக்கு வரலை!

காரணம், 4 வருஷம் முந்தி போட்ட ஒரு கையெழுத்து. 1973-ல் மேனேஜர் 'கர்னல்' டாம் பார்க்கர், அதுவரை பதிவான எல்விஸ் பாட்டுகள் மீதான ராயல்டி உரிமையை மொத்தமா ஆர்.சி.ஏ-வுக்கே வித்துட்டார். விலை 54 லட்சம் டாலர். அதில் பாதி பார்க்கருக்கு. மீதிப் பாதியில் வரி போக எல்விஸுக்கு. உலகத்துலயே அதிகம் விற்ற குரல்களில் ஒன்று, இப்படி ஒரே தவணையில் கைமாறிடுச்சு.

பார்க்கர் ராணுவத்தில் கர்னலாக இருந்தவர் இல்லை, அது ஒரு கவர்னர் கொடுத்த கௌரவப் பட்டம். அவர் அமெரிக்கரும் இல்லை. நெதர்லாந்தில் பிறந்து, காகிதம் எதுவும் இல்லாம அமெரிக்காவுக்குள் வந்தவர். எல்விஸ் தன் வாழ்நாளில் அமெரிக்காவுக்கு வெளியே கச்சேரி செஞ்சது 1957-ல் கனடாவில் மட்டும்தான். மேனேஜரிடம் பாஸ்போர்ட் இல்லாததுதான் காரணம்னு பலரும் கணிக்கிறாங்க. யோசிச்சுப் பாருங்க... ஒருத்தர் பாஸ்போர்ட் பிரச்னையால லண்டனும் டோக்கியோவும் எல்விஸை நேரில் பார்க்கவே இல்லை!

அவர் இறந்தபோது மகள் லிசா மேரிக்கு வயது 9. குழந்தையின் நலனுக்காக கோர்ட் ஒரு வழக்கறிஞரை நியமிச்சது. பார்க்கர் எடுத்த கமிஷன் அநியாயம்னு அவர் அறிக்கை கொடுத்தார். 1983-ல் சமரசம் ஏற்பட்டு, பார்க்கரின் பிடி விலகினது. அதற்குள் முன்னாள் மனைவி பிரிசில்லா வேறொரு வழி கண்டுபிடிச்சிருந்தார். 1982 ஜூன் 7 அன்று கிரேஸ்லேண்ட் வீட்டையே டிக்கெட் போட்டு மக்களுக்குத் திறந்து விட்டார். பாட்டு கைவிட்டுப் போனாலும், வீடு காப்பாத்துச்சு. இன்றைக்கும் ஒவ்வொரு ஆகஸ்ட் 15 இரவும் ரசிகர்கள் மெழுகுவத்தி ஏந்தி அந்த வாசலில் வரிசையில் நிற்கிறாங்க.

29 பாட்டு, 3 கல்லறை

எல்விஸுக்கு 39 வருஷம் முந்தி, அதே மெம்ஃபிஸுக்குத் தெற்கே, மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வுட் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பினக் கலைஞர் இறந்தார். 1938 ஆகஸ்ட் 16. பெயர் ராபர்ட் ஜான்சன், வயது 27. ஊருக்கு வெளியே யாருக்கும் அது செய்தியே இல்லை. இறப்புச் சான்றிதழில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'டாக்டர் இல்லை'ன்னு இருக்கு. சாராயத்தில் விஷம் வெச்சுட்டாங்கங்கறது காலம் காலமா சொல்ற கதை. எங்கே புதைச்சாங்கன்னுகூட உறுதியா தெரியாததால, 3 இடங்களில் அவருக்குக் கல்லறைக் கல் நட்டிருக்காங்க.

நள்ளிரவில் நாற்சந்தியில் சாத்தானுக்கு ஆன்மாவை வித்து கிடார் கத்துக்கிட்டார்னு ஒரு கதையும் உண்டு. ரீல்ஸ்ல நீங்களே பார்த்திருப்பீங்க. அதை விடுங்க, உண்மையான கணக்கு அதைவிட சுவாரஸ்யம். வாழ்நாளில் 2 முறைதான் ஸ்டூடியோ பார்த்தார். 1936 நவம்பரில் சான் அன்டோனியோவில் ஒரு ஹோட்டல் அறையில்; 1937 ஜூனில் டல்லஸில். மொத்தம் 29 பாட்டு. அவ்வளவுதான்!

அவர் இறந்தது தெரியாம, நியூயார்க்கில் ஒருத்தர் அவரைத் தேடிக்கிட்டிருந்தார். ஜான் ஹாமண்ட். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, இன்னொரு முறை வருவார். அந்த டிசம்பரில் கார்னகி ஹாலில் கறுப்பின இசை பற்றி ஒரு பெரிய கச்சேரி நடத்த ஹாமண்ட் திட்டமிட்டிருந்தார். ஜான்சன் இறந்துட்டார்னு தகவல் வந்ததும் என்ன செஞ்சார் தெரியுமா? மேடையில் ஒரு கிராமபோனை வெச்சு ஜான்சனின் தட்டுகளை ஓட விட்டார். ஆளில்லாத மேடை, பாடுற குரல். சபை கேட்டது.

1961-ல் கொலம்பியா கம்பெனி அந்தப் பதிவுகளை நீளத் தட்டாக வெளியிட்டபோது, அட்டையில் போட ஒரு போட்டோகூட கிடைக்கலை. ஓவியம் வரைஞ்சு போட்டாங்க. பாப் டிலன், எரிக் க்ளாப்டன், கீத் ரிச்சர்ட்ஸ் எல்லாரும் அந்தத் தட்டைக் கேட்டு மயங்கினவங்க. 1990-ல் மொத்தப் பாட்டுகளும் 2 சி.டி-யாக வந்து, அமெரிக்காவில் மட்டும் 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

காசு வந்ததும் வாரிசு யாருங்கற கேள்வியும் வந்துடுச்சு. மிசிசிப்பியில் சரளைக்கல் லாரி ஓட்டிக்கிட்டிருந்த ஒருத்தர், ஜான்சன் என் அப்பானு கோர்ட்டுக்குப் போனார். சின்ன வயசில் அவரை வளர்த்தது தாத்தா-பாட்டி. பக்தியான வீடு. ப்ளூஸ் பாடறவன் சாத்தானின் ஆள்னு சொல்லி, ஜான்சன் பார்க்க வந்தபோது உள்ளே விடலை. பையன் வாசல்படியில் நின்னான், அப்பா கீழே மண்ணில் நின்றார். அவ்வளவுதான் அப்பாவைப் பற்றிய நினைவு. 1998-ல் கோர்ட் அவரை வாரிசுன்னு அறிவிச்சது, 2000-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செஞ்சது. அப்போ அந்த 'பையனுக்கு' வயது 70-ஐத் தொட்டுக்கிட்டிருந்தது.

ஹேண்ட்பேக்கைக் கீழே வைக்காத ராணி

ஹாமண்ட் திரும்ப வருவார்னு சொன்னேன் இல்லையா? 1960-ல் அதே ஹாமண்ட் கொலம்பியாவுக்காக ஒப்பந்தம் செஞ்ச 18 வயது பெண்தான் அரீதா ஃப்ராங்க்ளின். எல்விஸ் இறந்த அதே மெம்ஃபிஸில் பிறந்து, டெட்ராய்ட்டில் பாதிரியார் அப்பாவின் சர்ச்சில் பாடி வளர்ந்தவர்.

கொலம்பியாவில் பெரிசா எதுவும் நடக்கலை. அட்லான்டிக் கம்பெனிக்கு மாறினார். 1967-ல் 'ரெஸ்பெக்ட்' நம்பர் 1. அந்தப் பாட்டை எழுதி, 1965-லேயே பாடினவர் ஓட்டிஸ் ரெட்டிங். ஆம்பளை, வீட்டில் மரியாதை கேட்டுப் பாடின பாட்டு. அரீதா அதையே பெண்ணின் குரலாகத் திருப்பிப் போட்டார். கறுப்பின உரிமை, பெண் உரிமை ரெண்டு போராட்டங்களுக்கும் அது கீதமாச்சு.

இங்கேதான் ட்விஸ்ட். அமெரிக்காவில் சாதாரண ரேடியோவில் ஒரு பாட்டு ஒலிபரப்பானால், எழுதினவருக்குத்தான் ராயல்டி, பாடினவருக்குக் கிடையாது. 'ரெஸ்பெக்ட்' எத்தனை லட்சம் முறை ஒலிச்சிருக்கும்? அத்தனைக்கும் பணம் போனது ஓட்டிஸ் பக்கம். அரீதாவுக்கு அந்த ஒலிபரப்பிலிருந்து ஒரு சென்ட்கூட இல்லை. ஓட்டிஸ் மேல தப்பில்லை, சட்டம் அப்படி. (இந்தியாவில் 2012 காப்புரிமைத் திருத்தத்தில்தான் பாடகர்களின் ராயல்டி உரிமை சட்டத்துக்குள் வந்தது. நாமும் ரொம்ப முன்னாடி இல்லை!)

அதனாலயோ என்னவோ, அரீதாவுக்கு ஒரு பழக்கம். கச்சேரிப் பணம் முன்கூட்டியே, ரொக்கமா வேணும். எண்ணி ஹேண்ட்பேக்கில் போட்டுக்குவார். அந்த பேக் மேடைக்கும் கூடவே வரும். 2015-ல் ஒபாமா முன்னிலையில், நீளமான ஃபர் கோட்டும் கையில் பேக்குமா நடந்து வந்து பியானோவில் உட்கார்ந்தாரே, அந்த வீடியோவைத் தேடிப் பாருங்க. முதல் தடவை ஒபாமா கண்ணைத் துடைக்கிறதைப் பார்ப்பீங்க. ரெண்டாவது தடவை அந்த பேக்கைப் பாருங்க.

2018 ஆகஸ்ட் 16 அன்று, 76 வயதில், டெட்ராய்ட்டில் கணையப் புற்றுநோயால் இறந்தார். 2 மாசம்கூட ஆகலை, அக்டோபர் 11-ல் அமெரிக்காவில் புது இசைச் சட்டம் கையெழுத்தானது. 1972-க்கு முந்தைய பதிவுகளுக்கும் டிஜிட்டல் ஒலிபரப்பில் பாடகருக்கு ராயல்டி உண்டுன்னு சொன்ன சட்டம் அது. 'ரெஸ்பெக்ட்' 1967. பாடினவர் போய்ச் சேர்ந்த பிறகு!

பணத்தில் இவ்வளவு உஷாரா இருந்தவர், உயில் எழுதலைன்னுதான் முதல்ல எல்லாரும் நினைச்சாங்க. 2019-ல் வீட்டைக் குடைஞ்சபோது கையெழுத்துக் காகிதங்கள் கிடைச்சது. 2010-ல் எழுதினது பூட்டின அலமாரியில். 2014-ல் எழுதினது ஒரு ஸ்பைரல் நோட்டில், சோபா மெத்தைக்கு அடியில்! மகன்களுக்குள்ள வழக்கு. 2023 ஜூலையில் ஜூரி ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொன்னது: சோபா நோட்டுதான் செல்லும்.

நடுவுல கொஞ்சம் வேகமா...

1969 ஆகஸ்ட் 16, உட்ஸ்டாக் திருவிழாவின் ரெண்டாம் நாள். அன்பு, அமைதின்னு லட்சக்கணக்கான இளைஞர்கள் சேத்துல உட்கார்ந்திருந்தாங்க. அன்று ராத்திரி 'தி ஹூ', 'கிரேட்ஃபுல் டெட்' குழுக்கள், பணம் கைக்கு வந்தாதான் மேடை ஏறுவோம்னு நின்னதுல, உள்ளூர் வங்கி மேனேஜரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டியதாச்சு. இதைக் கேலியா சொல்றவங்க உண்டு. அரீதாவின் பேக்கைப் பார்த்த பிறகு எனக்குக் கேலி செய்யத் தோணலை.

1974-ல் இதே நாளில் நியூயார்க்கின் 'சி.பி.ஜி.பி' க்ளப்பில் 'ரமோன்ஸ்' முதன்முறையா வாசிச்சாங்க. ரமோன்ஸ்னு போட்ட கறுப்பு டீ ஷர்ட் பார்த்திருப்பீங்களே, அவங்கதான். 1976-ல் வெறும் 6,400 டாலர் செலவில் எடுத்த முதல் ஆல்பம், அமெரிக்காவில் 5 லட்சம் விற்று 'கோல்டு' ஆனது 2014-ல்! அப்போ 4 பேரில் உயிரோட இருந்தது டாமி மட்டும். அந்த ஜூலையில் அவரும் போய்ட்டார்.

1958-ல் இதே நாளில் பிறந்த மடோனா, இந்தப் பட்டியலில் கணக்கை ஒழுங்கா வெச்சுக்கிட்ட ஆள். அதைப் பேராசைன்னு சொன்னவங்க அதிகம். அரீதா இறந்த 4-வது நாள் ஒரு விருது மேடையில் அவரைப் பற்றிப் பேச வந்து, பெரும்பாலும் தன் கதையையே சொல்லி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார். அது நியாயமான திட்டுதான்.

"அவர்தான் என் எல்விஸ்"

ஜெஃப் பக்லி என்ற அமெரிக்க இளம் பாடகர், 90-களில் நியூயார்க்கின் ஒரு சின்ன காபிக் கடை கச்சேரியில், நுஸ்ரத் ஃபதே அலி கான்தான் தன்னோட எல்விஸ்னு சொன்னார். சொன்ன பக்லி 1997 மே மாசம் ஆற்றில் மூழ்கி இறந்தார். அதே வருஷம், எல்விஸ் இறந்து சரியா 20 வருஷம் ஆன ஆகஸ்ட் 16 அன்று, லண்டன் மருத்துவமனையில் நுஸ்ரத் மாரடைப்பால் இறந்தார். வயது 48.

பாகிஸ்தானின் ஃபைசலாபாத்தில், தலைமுறை தலைமுறையா கவ்வாலி பாடுற குடும்பம். 1985-ல் இங்கிலாந்தில் நடந்த 'வோமாட்' இசை விழாவில் நள்ளிரவில் பாடினது, மேற்கத்திய உலகத்தை அவர் பக்கம் திருப்பிச்சு. பீட்டர் கேப்ரியலின் 'ரியல் வேர்ல்டு' கம்பெனியில் 1990-ல் வந்த 'மஸ்ட் மஸ்ட்' அவரைக் கல்லூரி ஹாஸ்டல்கள் வரை கொண்டுபோனது. இதற்கிடையில் பம்பாயில் என்ன நடந்ததுங்கறீங்க? அவர் மெட்டுகள் ஒவ்வொண்ணா இந்திப் படங்களில் முளைச்சது. 1994-ல் 'மொஹ்ரா' படத்தின் சூப்பர் ஹிட் 'மஸ்த் மஸ்த்' பாட்டு அதில் ரொம்பப் பிரபலம். 'தம் மஸ்த் கலந்தர்' அவருக்கும் முன்னால் வழிவழியா பாடப்பட்டு வர்ற சூஃபி பாட்டு, அதனால் யாருக்குச் சொந்தம்னு வாதம் செய்ய இடம் இருக்கு. ஆனா, அந்த மெட்டை அந்த வேகத்தில் தெருவெல்லாம் முணுமுணுக்க வெச்சது யார் குரல்ங்கறதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

நம்ம ஏ.ஆர்.ரஹ்மான் செஞ்சது நேர் எதிர். சுதந்திரப் பொன்விழாவுக்காக 1997 ஆகஸ்ட்டில் வந்த 'வந்தே மாதரம்' ஆல்பத்துக்கு நுஸ்ரத்தையே நேரில் போய்ப் பாட வெச்சார். 'குருஸ் ஆஃப் பீஸ்' பாட்டில் ரெண்டு குரலும் சேர்ந்து ஒலிக்கும். இந்தியாவின் சுதந்திரத்தைக் கொண்டாடுற ஆல்பத்தில் பாகிஸ்தான் பாடகர்! நாடே அந்த ஆல்பத்தைக் கேட்டுக்கிட்டிருந்த அந்த நாள்களில்தான் லண்டனிலிருந்து செய்தி வந்தது. 10 வருஷம் கழிச்சு, 'குரு' படத்தின் 'தேரே பினா' பாட்டை ரஹ்மான் நுஸ்ரத்துக்கு அஞ்சலியா கொடுத்தார். தமிழில் நீங்க 'ஆருயிரே'ன்னு கேட்டது அதைத்தான்.

2024 செப்டம்பரில் நுஸ்ரத்தின் 'புது' ஆல்பம் ஒண்ணு வந்தது. 'செயின் ஆஃப் லைட்'. 1990-ல் பதிவு செஞ்சு, ரியல் வேர்ல்டின் டேப் கிடங்கில் மறந்துபோய்க் கிடந்த நாடாக்கள். மொத்தம் 4 கவ்வாலிகள்தான். அதில் ஒண்ணு, அதுவரை வெளியில யாருமே கேட்காதது. ஸ்ட்ரீமிங் ஆப்ல இருக்கு, ஹெட்போன் மாட்டிக்கிட்டுக் கேளுங்க. ஹார்மோனியத்துக்கும் கைதட்டலுக்கும் நடுவுல அவர் குரல் ஏறுற இடத்தில், தட்டின கை ஒரு நொடி தடுமாறுற மாதிரி எனக்குக் கேட்குது. உங்களுக்கும் கேட்குதான்னு சொல்லுங்க.